வஜீஹுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

சவரக்கத்தியை விரிப்பதற்கு முன்னால் வஜீஹ் குதிகாலால் ஒரு நாற்காலியை இழுத்துக்கொள்வார். திரும்பிப் பார்ப்பதில்லை. காத்திருப்பவர்களுக்காகச் சுவரோரம் போட்டிருக்கும் மூன்றில் அது ஒன்று. கைப்பிடி வைத்த மரநாற்காலி. அதன் முன்காலில் குதிகாலை மாட்டி, ரப்பர் விரிப்பின்மேல் கொண்டுவந்து, இருக்கையின் விளிம்பு தன் முழங்காலுக்குப் பின்னால் படும்வரை இழுப்பார். பட்டதும் ஒருமுறை காலால் அழுத்திப் பார்ப்பார், வழுக்குகிறதா என்று. வழுக்காது. அதற்குப் பிறகுதான் கத்தி விரியும், இடது கை கன்னத்தை இழுத்துப் பிடிக்கும். சவரம் முடிந்ததும் அதே குதிகால் நாற்காலியைச் சுவருக்குத் தள்ளிவிடும்.

“யாருக்கு மாமா இந்த நாற்காலி? மாப்பிள்ளை வர்றாரா?” என்று யாராவது கேட்பார்கள்.

“உன் மாமியாருக்கு. வாய மூடிக் கன்னத்த உப்பு.”

துறைமுக ஊரான அல்-மீனாவில் மீன் ஏலக்கூடத்துக்கு எதிர்ச் சந்தில் கடை. நான் அடுத்த தெரு அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். மின்சாரம் போனால் எந்திரம் நின்றுவிடும். ஜெனரேட்டர்காரன் மனம் இரங்கும்வரை வஜீஹின் கடையில் வந்து உட்கார்ந்து புத்தகம் படிப்பேன். அதிகம் பேசமாட்டேன், பார்த்துக்கொண்டிருப்பேன். என் கையிலிருக்கும் கவிதைப் புத்தகத்தைக் கண்ணாடியில் பார்த்து அவர் கேட்பார்: “என்ன கவிஞரே, வரியெல்லாம் பாதியிலயே நின்னுடுது? பேப்பருக்குத் தட்டுப்பாடா இவனுக்கு?”

நாற்காலிப் பழக்கம் தொடங்கியது இலையுதிர் காலத்தில். அதற்கு முந்தைய பிப்ரவரியில் அவருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் எல்லோரும் அதைப் பேட்டரி என்றுதான் சொல்வார்கள். ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் ஹாஜ் முன்திரின் வீட்டில் மேல்மாடி அறை அவருக்கு. முன்திர் படகுக் கயிறும் வலையும் விற்பவர். அப்பாவைக் கடல் கொண்டுபோனபோது தம்பிக்கு ஒன்பது வயது, தனக்குப் பத்தொன்பது என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். தம்பியை அன்றைக்கு இடுப்பில் தூக்கியவர், ஐம்பத்திரண்டு வயதிலும் இறக்கிவிடவில்லை.

எங்கள் ஊரில் நோயாளிக்கு நோயைச் சொல்வதில்லை. வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் சொல்வார்கள். அவர் அதை விழுங்கிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, “ஒண்ணுமில்ல, ரெண்டு நாள்ல எழுந்துடுவே” என்பார். டாக்டர்களும் இதற்குப் பழகிவிட்டார்கள். கட்டிலில் கிடப்பவரைத் தாண்டி, கதவோரம் நிற்பவரிடம்தான் பேசுவார்கள். இதற்கு அன்பு என்று பெயர். இதை எழுதும்போதுகூட எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

வஜீஹுக்கு என்ன சொன்னார்கள்? ரத்த ஓட்டம் சீராக ஒரு சின்ன பேட்டரி, அவ்வளவுதான். எத்தனை வருடம் வரும், எதைச் செய்யலாம், எது கூடாது, யாரிடம் போக வேண்டும், ஒன்றும் சொல்லவில்லை. அடையாள அட்டையையும் காகிதங்களையும் அண்ணன் வாங்கி அலமாரியில் பூட்டிக்கொண்டார். வைத்த டாக்டர் கோடையிலேயே வளைகுடாவுக்குப் போய்விட்டார். அந்த வருடம் பாதி டாக்டர்கள் அப்படித்தான் போனார்கள்.

டாக்டர் சொல்லாததைத் தெரு சொன்னது. மொபைலை இடது காதில் வைக்காதே. ஜெனரேட்டர் பக்கம் போகாதே. அடுப்பில் பெரிய பாத்திரம் தூக்காதே. முடிவெட்டும் மெஷினைத் தொட்டால் பேட்டரி எரிந்துவிடும் என்று சொன்னது பக்கத்துக் காப்பிக் கடை ஜுர்ஜி. “எனக்கு ஒரு மச்சான் இருந்தான்” என்று அவர் ஆரம்பித்தாரென்றால் அந்த மச்சான் கடைசியில் செத்துப்போவான். வஜீஹ் மெஷின்களைத் துணியில் சுற்றி இழுப்பறையில் போட்டுவிட்டு, பள்ளிக்கூடப் பையன்களின் தலையைக்கூடக் கத்தரியால் வெட்ட ஆரம்பித்தார். ஒரு தலைக்கு முக்கால் மணி நேரம்.

செப்டம்பரில் கிறுகிறுப்பு வந்தது. இரண்டு நொடி, மூன்று நொடி. கத்தரி காற்றிலேயே நிற்கும், உதடு வெளுக்கும், அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல வெட்டுவார். கண்ணாடியில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

அண்ணன் அவரை மூன்று டாக்டர்களிடம் கூட்டிப்போனார். முதலாமவர் படுக்கவைத்து இ.சி.ஜி. எடுத்து, முன்திரைப் பார்த்து, “பேட்டரி கடிகாரம் மாதிரி ஓடுது, ஹாஜி. இது நரம்பு” என்றார். இரண்டாமவர் படுக்கவைத்து எடுத்து, தூக்க மாத்திரை எழுதினார். மூன்றாமவர் முன்திரிடம், “இவருக்குக் கல்யாணம் பண்ணி வைங்க, எல்லாம் சரியாயிடும்” என்று சிரித்தாராம்.

“நானும் சிரிச்சேன்,” என்றார் வஜீஹ், என் பின்கழுத்தில் கத்தியை ஓட்டியபடி. “ஏன் சிரிச்சேன்னு தெரியல. அவன் மூஞ்சியிலேயே எழுந்து குத்தியிருக்கணும். மூணு பேர்ல ஒருத்தன், ஒருத்தன், என்னப் பாத்து ‘உனக்கு என்ன பண்ணுது’ன்னு கேக்கல. நான் என்ன, வாசல்ல கட்டிப்போட்ட ஆடா?”

மார்ச்சில் அந்தக் கல்யாணம். படகுக்காரர் ஒருவரின் மகன், சாயங்காலம் மணமேடை ஏற வேண்டியவன், நண்பர்கள் புடைசூழ வந்து உட்கார்ந்தான். கைதட்டல், பாட்டு, வாசலில் தப்லா. வஜீஹ் நாற்காலியை இழுத்தார், அழுத்திப் பார்த்தார், கத்தியை விரித்தார். வலது கன்னம் முடிந்தது. தாடைக்குக் கீழே கழுத்தை இழுத்துப் பிடிக்க இடது முழங்கையை வெளியே தூக்கினார். தூக்கியபடி அவர் கண் மேலே சொருகியது.

அப்படியே பின்னால் சரிந்து அந்த மரநாற்காலியில் விழுந்தார். வலது கை அகல விரிந்தது. கத்தி பறந்துபோய்க் கைகழுவும் தொட்டியில் விழுந்து சத்தமிட்டது. பையன் கழுத்தில் நுரை மட்டும் இருந்தது, ஒரு கீறல் இல்லை. மூன்று நொடியில் வஜீஹ் கண் திறந்து, “தண்ணி” என்றார்.

அன்றிரவு கல்யாணத்தில் பெண்ணைவிடக் கத்தியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்களாம். கத்தி கழுத்தைவிட்டு மூன்று முழம் தள்ளி விழுந்தது. அல்லாஹ்வின் கருணை என்றார்கள். பையனின் தாய் நேர்ச்சை செய்து மூன்று வீடுகளுக்கு ஆட்டுக்கறி கொடுத்து அனுப்பினாள். வஜீஹுக்கு அனுப்பவில்லை.

மறுவாரம் கடை காலி. எதிரில் வருபவர்கள் தாடியைத் தடவிக்கொண்டே அடுத்த சந்து வழியாகப் போனார்கள். குற்றம் சொல்ல முடியாது. என் கழுத்தையும் நான் நினைத்துப் பார்த்தேன். முன்திர் வந்து, “கடைய மூடு. நான் இருக்கேன்ல, சோறு போடமாட்டேனா?” என்றார்.

“சோறா?” என்றார் வஜீஹ். “பதினாலு வயசுலேர்ந்து நின்னுக்கிட்டு இருக்கேன் இந்தத் தரையில. எனக்கு என்ன ஆகுதுன்னு ஒருத்தன் சொல்லட்டும், அப்புறம் மூடறேன். இல்ல, என்னச் சாகவிடு, கத்தியோட. போ வெளிய.”

அண்ணனை அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. முன்திரும் கேட்டதில்லை போல. வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

எங்கள் அச்சகத்துக்கு நோட்டீஸ் அடிக்க வந்த ஒருவர் சொன்னார்: ஊருக்கு வெளியே ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைகளில் ஒரு டாக்டரம்மா பேட்டரிகளை மட்டும் பார்க்கிறார், அதைச் சோதிக்கும் பெட்டி அவரிடம் இருக்கிறது என்று. நான் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கண்ணாடியில் செருகினேன். வஜீஹ் எடுத்துப் படித்தார்.

“வாயால சொன்னா தேஞ்சு போயிடுமா?” என்றார். அப்புறம், “நீயே வா. கூட வர்றவன் வாயத் தொறக்காதவனா இருக்கணும். தொறக்கறவன் கூடப் போயிப் போயித்தான் இந்த கதி.”

டாக்டர் நஜ்லாவுக்கு நாற்பது வயதிருக்கும். மேசையில் பாதி தின்ற கஅக் ரொட்டி. மின்சாரம் இல்லை, ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டிருந்தார். நாங்கள் இருவரும் உள்ளே போனதும் என்னைப் பார்த்து, “இவர் வெளிய இருக்கணுமா, உள்ள இருக்கணுமா?” என்றார். பதில் சொல்ல நான் திணறுவதற்குள், “உங்களக் கேக்கல. அவரக் கேக்கறேன்,” என்று வஜீஹ் பக்கம் திரும்பினார். “இவர் இருக்கலாமா?”

“இருக்கட்டும்,” என்றார் வஜீஹ் மெதுவாக.

“சொல்லுங்க. உங்களுக்கு என்ன பண்ணுது?”

அவர் சொன்னார். இருபது நிமிடம் சொன்னார். அவர் அவ்வளவு நேரம் தன்னைப் பற்றிப் பேசியதே இல்லை. டாக்டர் கஅக்கைத் தொடவில்லை. கடைசியில், “அட்டை எங்க?” என்றார்.

“என்ன அட்டை?”

“பேட்டரி அட்டை. எந்தக் கம்பெனி, எந்த வயர்னு போட்டிருக்கும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பெட்டி. தெரியாம எதைத் தொடறது? யார்கிட்ட இருக்கு?”

வஜீஹின் காது சிவந்தது. “ஐம்பத்திரண்டு வயசு. என் நெஞ்சுல இருக்கறதோட பேரு எனக்குத் தெரியாது. எழுதிக்கங்க டாக்டர்.”

“ரெண்டு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். கொண்டு வாங்க.”

வாடகைக் காரில் மீனாவுக்குத் திரும்பினோம். முன்திர் முற்றத்தில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். வஜீஹ் நின்றபடியே கையை நீட்டினார்.

“அலமாரிச் சாவி.”

“எதுக்குடா?”

“சாவி, அண்ணே.”

முன்திர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். சாவி வந்தது. அட்டை கிடைத்தது, அதே உறையில் இன்னொரு கவரும் இருந்தது. ஒட்டியிருந்ததைப் பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். மேலே பேட்டரி வைத்த டாக்டரின் பெயர். ஆகஸ்ட் மாதத் தேதி. பேட்டரி வைத்து ஆறு மாதம் கழித்து நடந்த சோதனைக்குப் பிறகு, அந்த டாக்டர் ஊரைவிட்டுப் போவதற்கு முந்தைய வாரம் எழுதியது. உள்ளே பிரெஞ்சில் பத்து வரி. வஜீஹ் அதை என்னிடம் கொடுத்தார்.

“படி.”

இதயத்துக்குப் போகும் வயரில் சந்தேகம் இருக்கிறது. கையை அசைக்கும்போது அறிகுறி தெரியலாம். இரண்டு வாரத்துக்குள் மறுபடி சோதிக்க வேண்டும், தாமதம் கூடாது. இதுதான் இருந்தது. படித்துச் சொன்னேன்.

“தெரியுமா உனக்கு?” வஜீஹ் அண்ணனைக் கேட்டார்.

முன்திரின் மடியிலிருந்து பீன்ஸ் சிதறியது. “டாக்டர் வாயாலயும் சொன்னாரு. மறுபடி கிழிக்க வேண்டி வரலாம்னு. நீ முதல் தடவையே மூணு நாள் சாப்பிடல. பயத்துலயே போயிடுவேன்னு... கொஞ்ச நாள் போகட்டும்னு நெனச்சேன். அப்புறம் அந்த மூணு பேரும் ஒண்ணுமில்லன்னாங்க.”

“இந்தக் காகிதத்தக் காட்டினியா அவங்களுக்கு?”

முன்திர் குனிந்து சிதறிய பீன்ஸைப் பொறுக்கினார்.

“காட்டினியா?”

“காட்டினா உன் எதிர்லயே பேசுவாங்களே,” என்றார் முன்திர். அழுதுகொண்டிருந்தார்.

வஜீஹ் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். “எட்டு மாசம்,” என்றார். “எட்டு மாசமா ஜனங்களோட தொண்டையில கத்தி வச்சிட்டிருந்தேன். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா கத்திய மடிச்சு வச்சிருப்பேன். ஒரு வார்த்த. நீ அழறத நிறுத்து, எனக்கு வண்டி நிக்குது.”

டாக்டர் நஜ்லா கடிதத்தைப் படித்தபோது அவர் மூக்கு ஓரம் வெளுத்தது. மடித்து மேசையில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை அழுத்தினார். சோதிக்கும் பெட்டியோடு கம்பியில் இணைந்த வட்டமான கருவியை வஜீஹின் நெஞ்சில் வைத்துக் கட்டினார். திரையில் கோடு ஓடியது.

“கையத் தூக்குங்க. மேல. பக்கத்துல. பின்னால.”

கோடு சீராக ஓடியது. டாக்டர் உதட்டைக் கடித்தார். வஜீஹ் சிரித்தார், அந்த மூன்றாவது டாக்டரிடம் சிரித்திருப்பாரே, அதே சிரிப்பு. “சொல்லுங்க டாக்டர். நரம்பு. எனக்குப் பழகிடுச்சு.”

“அப்படி இல்ல,” என்றேன்.

இருவரும் திரும்பினார்கள். என் காதுக்கே என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. “சும்மா தூக்கினா வராது. முழங்கை வெளிய போகணும், விரல் இறுக்கிப் பிடிக்கணும். ஒவ்வொரு தடவையும் அப்போதான். நான் பாத்திருக்கேன்.”

“எப்பலேர்ந்து?” என்றார் வஜீஹ்.

“செப்டம்பர்லேர்ந்து.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் வைத்திருக்கிறேன். முன்திரைப் பார்த்ததற்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை.

டாக்டர் நாற்காலியை நடுவில் போட்டார். “உக்காருங்க,” என்றார் என்னிடம். தன் கைப்பையிலிருந்து ஒரு சீப்பு. கட்டுத்துணி வெட்டும் கத்தரியை நர்ஸ் கொண்டுவந்தாள். “வஜீஹ், வேலையப் பாருங்க. கடையில எப்படியோ அப்படி. நர்ஸ் உங்க பின்னால நிப்பாங்க.”

“இந்தக் கத்தரியிலயா? இதுல ஆட்டுக்குக்கூட வெட்டமாட்டேன்.”

“பரவால்ல. தலை இவரோடது.”

நெஞ்சில் கம்பியோடு அவர் என் முடியை வெட்ட ஆரம்பித்தார். திரையை என்னாலும் பார்க்க முடிந்தது. வலப்பக்கம் முழுக்க முடிந்தது. இடப்பக்கம் காதுக்கு மேலே, சீப்பால் முடியை இறுக்கிப் பிடித்து முழங்கையைத் தூக்கினார். கோட்டில் கிறுக்கல் விழுந்தது. அப்புறம் கிறுக்கல் போய், கோடு படுத்தது. ஒன்று. இரண்டு. கத்தரி என் தோளில் விழுந்தது.

“கைய இறக்குங்க,” என்றார் டாக்டர். நர்ஸ் அவரைத் தாங்கிக்கொண்டாள். கோடு மறுபடி துள்ளியது.

டாக்டர் காகிதச் சுருளைக் கிழித்து எடுத்தார். அதை வஜீஹின் கையில் கொடுத்து, விரலால் காட்டினார். “இது நீங்க. இது உங்க பேட்டரி. அது சரியாத்தான் வேல செய்யுது. இங்க வயர் உள்ளுக்குள்ள ஒடிஞ்சிருக்கு. கை இழுபடறப்போ விட்டுப் போகுது. இதுக்குப் பேரு நரம்பு இல்ல. புது வயர் போடணும், ரெண்டு மணி நேர வேல. ஆபத்து உண்டு, சின்னது, என்னன்னு சொல்றேன். சொல்லி முடிச்சப்புறம் நீங்க முடிவு பண்ணுங்க. இன்னிக்கே இங்க படுத்துக்கணும்.”

வஜீஹ் அந்தக் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, முகம் கோபமாகவே இருந்தது.

“இவ்வளவு தெரிஞ்சும் ஏன் சவரத்த நிறுத்தல?” என்று டாக்டர் கேட்டார்.

“மூணு டாக்டர் ஒண்ணுமில்லன்னாங்க. ஒண்ணுமில்லாததுக்கு எப்படிம்மா கடைய மூடறது?” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ பாதித் தலையோட போகாத. தெருவுல என் பேர் போயிடும்.”

பாதித் தலையோடுதான் போனேன். அடுத்த திங்கள் புது வயர் போட்டார்கள். கிளம்பும்போது டாக்டர் நஜ்லா ஒரு தாளில் எழுதி அவர் கையிலேயே கொடுத்தார்: இடது கையைத் தோளுக்கு மேலே ஆறு வாரம் தூக்காதே, அப்புறம் கட்டாயம் தூக்கு, இல்லாவிட்டால் தோள் இறுகிவிடும். முடிவெட்டும் மெஷின் தாராளமாக, நெஞ்சோடு அணைத்துப் பிடிக்காமல். மொபைல் வலது காதில். ஆறு மாதத்துக்கொருமுறை வியாழக்கிழமை. வஜீஹ் அதைக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார், பக்கத்தில் அட்டையை. ஜுர்ஜி வந்து படித்துவிட்டு, “அப்ப என் மச்சான்?” என்றார். “உன் மச்சான் உன் காப்பியக் குடிச்சு செத்தான்,” என்றார் வஜீஹ்.

அண்ணனோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறார். ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். உப்பைக் கேட்டால் உப்பு வருகிறது. முன்திர் இப்போது முடிவெட்ட அடுத்த சந்துக்குப் போகிறார். வஜீஹ் கூப்பிடவில்லை, அவரும் வரவில்லை. தம்பிமேல் வைத்த பாசத்துக்குத் தண்டனையா என்று தெருவில் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் சொல்வேன்: தண்டனை போதாது. குற்றத்தில் என் பங்கும் உண்டு. செப்டம்பர் முதல் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

ஜூனில் வஜீஹ் மறுபடி கத்தியை விரித்தார். முதல் ஆளாக நான் உட்கார்ந்தேன். குதிகால் பின்னால் போகவில்லை. நாற்காலி சுவரோரமே இருந்தது. கழுத்தில் கத்தி நிதானமாக ஓடியது. முடிந்ததும் துண்டை உதறி, “போ, உன் ஆளு பாதி வரியில நிக்கறான்,” என்றார். பெரிய மன்னிப்பு அது.

பல மாதம் கழித்து, மின்சாரம் இல்லாத ஒரு மதியம், ஜுர்ஜியிடம் காப்பி வாங்கிக்கொண்டிருந்தேன். பேச்சு அந்தக் கல்யாணக் கத்திக்குப் போனது. அல்லாஹ்வின் கருணை என்று யாரோ சொன்னார்கள். ஜுர்ஜி தலையை ஆட்டினார்.

“கருணையா? நான் பக்கத்துச் சுவர்ல இருக்கறவன்ப்பா. திங்கக்கிழம முடிவெட்டற கடையெல்லாம் லீவு. அந்தக் குளிர்காலம் முழுக்க, ஒரு திங்க விடாம, ஷட்டர பாதி இறக்கிட்டு உள்ள தடால் தடால்னு சத்தம். கப்பெல்லாம் குலுங்கும். ஒரு நாள் சண்டைக்குப் போனேன். குனிஞ்சு பாக்கறேன்: கையில கத்திப்பிடி, பிளேடு இல்ல. நிக்கறான், கண்ண மூடறான், பின்னால அந்த மரநாற்காலியில விழறான், விழறப்போ வலது கைய தொட்டிப் பக்கம் வீசறான். எழுந்திருக்கறான். மறுபடி விழறான். ‘என்னடா பண்றே’ன்னேன். ‘எண்ணிக்கிட்டிருக்கேன், கலைக்காத’ன்னான். அன்னிக்கு நாப்பதாவது தடவையோ என்னமோ.”